வெண்கலக் குரங்கின் நெஞ்சு

மார்ச் 4

மெழுகு உருவம் முடிந்தது. முதலையின் முதுகிலிருந்து ஒரு மரம், தலைகீழாக, வேர்கள் வானத்தில். கிளைகளில் பழத்துக்குப் பதில் இதயங்கள். நடுவில் குரங்கு. அதன் நெஞ்சில் ஒரு பெரிய ஓட்டை. அந்தப் பக்கம் நிற்பவர் முகம் தெரியும்.

முதலை இதயத்தைத் தின்னக் கேட்டதும், ‘இதயத்தை மரத்திலேயே வெச்சுட்டு வந்துட்டேனே’ என்று குரங்கு சொன்ன அந்தக் கதைதான். மகளுக்குத் தினமும் சொன்னது. நாங்கள் பிரிந்தபின் அவள் அப்பாவோடு இருக்கிறாள். அந்த மனுஷருக்குக் கதையெல்லாம் வராது.

சிலை கேட்டது நூலகத்துக்காரர்கள். நான் யாருக்காகச் செய்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 9

போனில் பேசினாள். “ம்.” “சாப்ட்டேன்.” “அப்பாகிட்ட குடுக்கட்டுமா?” ஏழு வயதில் இவ்வளவு மரியாதை எதற்கு? நான் என்ன மூன்றாம் மனுஷியா?

மார்ச் 17

மெழுகை வார்ப்புப் பட்டறையில் ஒப்படைத்தேன். “கண்ணுக்குள்ள வெச்சுப் பார்த்துக்கறேன்மா” என்றார் பட்டறைக்காரர்.

மார்ச் 30

பார்த்துக்கொண்டார், நன்றாக! அச்சை உடைத்தால், வெண்கலக் குரங்குக்கு நெஞ்சு முழுசாக இருக்கிறது. ஓட்டையைக் காணோம்.

“மெழுகுல ஓட்டை இருந்தா அடைச்சுட்டுத்தானேம்மா அச்சு கட்டுவோம்? வர்ற வழியில உடைஞ்சிருக்கும்னு நெனச்சேன். அடைச்ச எடமே தெரியல, பாருங்க!”

பெருமை வேறு! நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டேன். இனி வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து அழுதேன். வெண்கலத்துக்காகவா? ஊஹூம். அந்த ஓட்டை வழியா அவ முகத்தைப் பார்க்கணும்னு இருந்தேன். அவ்ளோதான்.

ஏப்ரல் 12

பள்ளி லீவு. ஒரு பகலுக்கு மட்டும் என்று அவள் அப்பா கொண்டுவந்து விட்டார். பட்டறைக்குக் கூட்டிப்போனேன். வெட்டுகிற மெஷின் தயாராக இருந்தது.

“ஏன் வெட்டறீங்க?” என்னிடம் அல்ல, பட்டறைக்காரரிடம் கேட்டாள்.

“நெஞ்சுல ஓட்டை போடணும் பாப்பா. இந்தக் குரங்குக்கு இதயம் இல்லையாம்.”

“யார் சொன்னா? முதலைய ஏமாத்தத்தானே அது அப்படிச் சொல்லிச்சு? இதயம் உள்ளதான் இருக்கு.” என் பக்கம் திரும்பினாள். “நீதானேம்மா கதை சொன்னே? மறந்துட்டியா?”

அம்மா! அவள் வாயிலிருந்து அதைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று.

மெஷினை நிறுத்தச் சொன்னேன். பட்டறைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ஏதோ சிலையே தன்னுடையது என்கிற மாதிரி.

சாயங்காலம் அவள் அப்பா பட்டறைக்கு வந்தபோது முதலை வாலில் உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டுப் பார்த்தார். இறங்கவே மாட்டேன் என்றுவிட்டாள். லீவு முடிகிறவரை இருக்கட்டும் என்று என்னிடமே விட்டுப் போனார்.

ஏப்ரல் 15

பல் தேய்க்க இத்தனை ரகளையா? குளிக்கவும் மாட்டாளாம். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. “போம்மா, நீ ரொம்ப மோசம்!” என்று கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள். லீவு முடிகிறவரை இப்படித்தான்போல.

போனில் இருந்த அந்த மரியாதையெல்லாம் எங்கேயோ போச்சு. அப்பாடா.