அப்பாவின் காதுக்கு

பர்மிங்காம்,
12.3.2006

அன்புள்ள அப்பாவுக்கு, செல்வக்குமார் வணக்கத்துடன் எழுதுவது. அம்மாவின் முட்டிவலி தேவலையா? நான் சுகம்.

போன வாரம் சனிக்கிழமை இங்கே ஒரு கச்சேரிக்குப் போனேன். உள்ளூர்க்காரர்கள் பழைய ராக் பாட்டுகளை வாசித்தார்கள். லெட் செப்பெலின் குழுவின் பாட்டைக் கெடுத்தே விட்டார்கள். அதில் டிரம்தான் உயிர். அவசரப்பட்டு அடிக்கக் கூடாது. பீட்டில்ஸை மட்டும் யாராலும் கெடுக்க முடியாது, மெட்டு அவ்வளவு கெட்டி.

விஸ்வநத்தம் வீட்டில் நான் இந்தப் பாட்டுக் கேசட்டுகளைப் போட்டால், பட்டாசுக் கம்பெனியில் வெடி சோதித்துவிட்டு வரும் நீங்கள், "ஏலே, அங்கனயும் வெடி, இங்கனயும் வெடியா?" என்பீர்கள். செப்பெலின் ஓடினால் மட்டும் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்பீர்கள். "இந்த டிரம் அடிக்கிறவன் திரி எரியுற நேரம் தெரிஞ்சவம்லே" என்றீர்கள். இன்றும் என் கருத்து அதுதான்.

ஸ்பீக்கர் அருகில் நின்றதால் இரண்டு நாள் காதில் ஒரே இரைச்சல். சரியாகிவிட்டது, பயப்பட வேண்டாம். உங்களுக்குத்தான் வருஷக்கணக்காகச் சரியாகவில்லை. காதில் செருகும் அடைப்பான் அனுப்பியிருக்கிறேன். வெடி சோதிக்கும்போது போடுங்கள், பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். சீசன் முடியட்டும் என்று சொல்லாமல் மதுரையில் காது டாக்டரைப் பாருங்கள்.

அவர் சொல்வதை மறைக்காமல் எழுதுங்கள். போனில் நான் எதைக் கேட்டாலும் "சரிலே, சரிலே" என்கிறீர்கள். போன வாரம் நான் கேட்டது, அங்கே மழை பெய்ததா என்று.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

செல்வக்குமார்