மீனுக்கு அம்மை வார்த்த கதை

காஜா பேராங், மலாக்கா
12.3.1958

அன்பு மகள் சந்திரமதிக்கு,

பெற்றவன் இல்லாத குறை தெரியாமல் உன்னை வளர்த்ததாக ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கும் சித்தப்பா எழுதுவது. உடம்பளவில் இங்கு நாங்கள் இருவரும் சுகம், இங்கிலாந்துக் குளிரில் நீயும் சுகமாயிருக்க மாரியாத்தா துணை. அதற்கு மேல் சுகம் என்று எழுதக் கை கூசுகிறது. நீ விட்டுப்போன கடல்மீன் மூன்றும் போய்விட்டன அம்மா. சுல்தான் ஞாயிறன்று, திவான் திங்களன்று, கவர்னர் துரை நேற்றுக் காலையில். அதைவிடப் பெரிய கவலை உன் சித்தி. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன், இந்த ஒருமுறை கூட்டாமல் குறைக்காமல். மீன்கள் கல்லில் உடம்பைத் தேய்க்கின்றன, மேலெல்லாம் ரவை ஒட்டினாற்போல் வெள்ளைப் புள்ளி என்று அன்றைக்கே உனக்கு எழுதினேன் அல்லவா. எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. சித்தி அதைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, முத்து போட்டிருக்குங்க, ஆத்தா வந்திருக்கா, யாரும் தொடக்கூடாது என்றுவிட்டாள். தொட்டியைச் சுற்றி வேப்பிலை, தண்ணீரில் மஞ்சள். உஜோங் பாசிரிலிருந்து நான் வாளியில் கொண்டுவரும் கடல் தண்ணீரும் உள்ளே வரக்கூடாது. அம்மை கண்ட வீட்டில், முத்து இறங்கினாலும் பதினைந்து நாள் தாளிக்கக்கூடாதாம், மூன்று மீனுக்காக அத்தனை நாளும் நான் தாளிக்காத ரசம் குடித்தேன். நானாவது தடுத்தேனா? மாரியாத்தா கப்பலேறி வந்து நம் வீட்டில்தான் இறங்கினாள் என்று செமாபோக் வரைக்கும் பெருமையடித்தேன். நாலாம் நாள் புள்ளியெல்லாம் மறைந்தது. முத்து இறங்கிடுச்சு என்று சித்தி கூழ் காய்ச்சினாள், நான் தெருவுக்கே ஊற்றினேன்.

உன் பதில் சனிக்கிழமை வந்தது. புள்ளி மறைந்தால் குணம் என்று நம்பாதீர்கள், அது அடியில் விழுந்து பெருகிப் பத்து மடங்காக ஏறும், வேறு பாத்திரத்தில் அதே சூட்டில் உப்பில்லாத நல்ல தண்ணீர் எடுத்து அதில் மீனை மூன்று நிமிடம் விடுங்கள், பிறகு தொட்டியில் அளந்து மயில்துத்தம் போடுங்கள் என்று எழுதியிருந்தாய். அதற்குள் ஏறிவிட்டிருந்தது. செவுள் தையல் மிஷின் மாதிரி அடித்துக்கொண்டது, கண் கஞ்சித் தண்ணீராய்க் கலங்கிவிட்டது. துத்தம் விஷம், போடவே விடமாட்டேன் என்றாள் சித்தி. நான் மகா புத்திசாலி அல்லவா, சரி, துத்தம் வேண்டாம், நல்ல தண்ணீரில் விடுவது வேறொன்றும் இல்லை, அம்மை இறங்கினால் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவோமே, அதுதான் என்றேன். உடனே முகம் மலர்ந்து ஒப்புக்கொண்டாள். ஆனால் தலைக்குத் தண்ணீர் என்றால் ஒற்றைப்படை நாளில்தானாம், இரண்டாம் முறை கண்டது வெள்ளிக்கிழமை, மூன்றாம் நாள் ஞாயிறு என்று விரல்விட்டு எண்ணினாள். என் வார்த்தையே என்னைக் கட்டிப்போட்டது. ஞாயிறு விடிந்தபோது சுல்தான் மிதந்தார். மற்ற இருவருக்கும் தண்ணீர் வார்த்தோம், கேட்கவில்லை.

உன் கடிதத்தை நேற்றுச் சித்தியே எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். முதல் நாளே செய்தால் பிழைக்கும் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியில் வைத்த விரலை எடுக்கவில்லை. புள்ள நம்பி விட்டுட்டுப் போச்சு, நானே கொன்னுட்டேன் என்றாள். தொட்டித் தண்ணீரைக் கொட்டவும் விடவில்லை, அது நாறுகிறது. எந்த வைத்தியத்துக்கும் அடங்காத சாதி மீன் அது என்று நான் எத்தனையோ விதமாய்ச் சொல்லிப் பார்த்தேன். முப்பது வருஷமாய் நான் சொன்ன எதையும் நம்பாதவள், இதை மட்டும் நம்புவாளா?

அதனால் ஒரு காரியம் கேட்கிறேன். முதல் நாளே செய்திருந்தாலும் அவை பிழைத்திருக்காது, அங்கே புத்தகத்தில் மறுபடி பார்த்தேன், முன்பு எழுதியது தவறு என்று சித்தி பேருக்கு ஒரு கடிதம் போடு. பொய்தான். உனக்குப் பொய் சொல்ல வராது என்று அவளுக்குத் தெரியும், அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். கொட்டை எழுத்தாக எழுது, அவள் கண்ணாடி இல்லாமல் படிக்கவேண்டும். அடுத்த தபாலிலேயே போடு.

காலுறை இல்லாமல் வெளியே போகாதே. நூறு வயது நன்றாயிரு.

காலித் தொட்டிக்குக் காவல் நிற்கும்,
உன் சித்தப்பா மருதமுத்து