எழுவாய் இல்லாத வாக்கியங்கள்

மார்ச் 4, திங்கள்

மழை வரும்போல இருந்தது. வரவில்லை.

காலையில் ஆனா சார் கூப்பிட்டார். எங்கள் பணியாளர் பிரிவின் மேலாளர். "நல்ல யோசனைதான், ஆனா" என்று வராத பேச்சு அவரிடம் கிடையாது. பெயர் நான் வைத்ததல்ல, நான் வேலைக்குச் சேரும்போதே இருந்தது.

"சமத்துவக் குழு ஒண்ணு ஆரம்பிக்கணும்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. நீங்கதான் இதெல்லாம் படிச்சிருக்கீங்களே. செயலாளரா இருந்துடுங்க."

நான் படித்தது சமூகவியல். இதெல்லாம்.

குழுவின் குறிக்கோள் என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: பன்முகத்தன்மை, சமவாய்ப்பு, உள்ளடக்கம். பக்கத்து சீட்டுக்காரன் என் திரையை எட்டிப் பார்த்தான். "உள்ளடக்கமா, உள்ள அடக்கமா?"

சிரித்துவிட்டேன். இப்போது எழுதும்போது சிரிப்பு வரவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

யாரிடமிருந்து தொடங்குவது என்று யோசிக்கவே தேவையில்லை. மாடியக்கா.

ஆறு மாடியையும் துடைக்கிறவர். எங்கள் கம்பெனி ஆள் அல்ல, ஒப்பந்தக்காரர் அனுப்பும் ஆள். இந்தக் கட்டடத்தில் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். நேற்றுச் சேர்ந்த பயிற்சியாளன்கூட "ஏ மாடியக்கா, இங்க வா" என்கிறான். "இதை எடுத்துட்டுப் போ." பெயரில் அக்கா, வினையில் வா.

வீட்டில் அக்காவை 'வா' என்பதில்லையா என்றான் பக்கத்து சீட். எனக்கு அக்கா இல்லை. இருந்தாலும் அந்த வா வேறு. விளக்கச் சொன்னால் தெரியாது. காது சொல்கிறது.

மதியம் ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில், மின்பெட்டிக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்துதான் அவர் சாப்பிடுகிறார். சாப்பாட்டுக் கூடம் 'ஊழியர்களுக்கு மட்டும்'. நான் சில நாட்கள் என் டப்பாவோடு அங்கே போய்விடுவேன். "வா பாப்பா, உக்காரு. தூசியில்ல, இப்பதான் தொடச்சேன், வேற யாரு தொடைப்பா!"

இன்று கேட்டேன். "உங்களுக்கு இங்க என்னக்கா வேணும்? ஒண்ணு சொல்லுங்க. நான் எழுதிக் குடுக்கறேன்."

"எனக்கா?" சிரித்தார். பிறகு நிஜமாகவே யோசித்தார். "மதியம் உக்கார ஒரு எடம். முதுகு சாயற மாதிரி. படியில உக்காந்து உக்காந்து கால் வீங்குது பாரு." கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். குழி விழுந்தது, மறையவில்லை. "உன் கன்னத்துல விழற மாதிரியே இல்ல?"

மார்ச் 12, செவ்வாய்

என் முன்மொழிவுகளோடு ஆனா சாரிடம் போனேன். உட்கார ஓர் அறை, அல்லது குறைந்தது மூன்று நாற்காலி. சாப்பாட்டுக் கூடத்தைத் துப்புரவுப் பணியாளர்களுக்கும் திறப்பது. அவர்களைக் கம்பெனி ஆட்களாகவே நிரந்தரமாக எடுத்துக்கொள்வது. கடைசியாக, கொஞ்சம் நிரப்பினாற்போல இருக்கட்டும் என்று நானாகவே சேர்த்தது: அலுவலகத்தில் எல்லோரும் எல்லோரையும் 'நீங்க' என்றே அழைப்பது.

"அறை நல்ல யோசனைதான், ஆனா சதுர அடி கணக்கு இருக்கு. சாப்பாட்டுக் கூடம் நல்ல யோசனைதான், ஆனா மத்தவங்க சங்கடப்படுவாங்க. நிரந்தரம்... அது என் கையில இல்ல." புரட்டினார். முகம் மலர்ந்தது. "இது! இது அருமையா இருக்கே! நாளைக்கே பண்ணிடலாம்."

செலவில்லாத சமத்துவம்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏதோ ஒன்றாவது நடக்கிறதே என்று — எனக்கு நன்றாகவே இருந்தது. கைகுலுக்கிவிட்டு வந்தேன்.

மார்ச் 18, திங்கள்

லிப்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார்கள். 'பதவி, வயது, பணி எதுவாயினும் ஒருவரை ஒருவர் மரியாதையோடு "நீங்கள்" என்றே அழைப்போம். மீறினால் குழுவிடம் தெரிவிக்கவும்.'

மாடியக்காவிடம் படித்துக் காட்டினேன்.

"அப்ப நானும் சொல்லணுமா?"

"எல்லாரும்தான்க்கா."

"உன்னையுமா? 'பாப்பா நீங்க'ன்னா?" வாய்விட்டுச் சிரித்தார். "போடி. எனக்கு வாயில வராது."

பிறகு கேட்டார்: "அந்த நாற்காலி?"

"பேசிட்டிருக்கேன்க்கா."

மார்ச் 20, புதன்

ஏதோ மாறியிருக்கிறது. என்னவென்று பிடிபடவில்லை. ஆறாம் மாடி அமைதியாக இருக்கிறது.

மார்ச் 21, வியாழன்

பிடிபட்டது. பயிற்சியாளன் தன் மேசையில் சிந்திய தண்ணீரைப் பார்த்து, மாடியக்காவைப் பார்க்காமல் சொன்னான்: "இங்க கொஞ்சம் தொடைக்கணும்."

மார்ச் 25, திங்கள்

இப்போது எங்கே பார்த்தாலும் கேட்கிறது. "டீ வந்தா நல்லா இருக்கும்." "குப்பை நிறைஞ்சிருச்சு போல." "அந்த ஜன்னல் அப்படியே கெடக்கு." யாரும் யாரையும் 'நீ' என்பதில்லை. 'நீங்க' என்பதும் இல்லை. நம் மொழியில் ஆளே இல்லாமல் ஒரு வேலையைச் சொல்லிவிடலாம். துடைக்கணும். எடுக்கணும். வேணும். யார் என்ற கேள்விக்கு வாக்கியத்தில் இடமே கிடையாது. ஆனால் அறையில் இருக்கிற எல்லோருக்கும் யாரென்று தெரியும்.

பள்ளிக்கூடத்தில் இதற்குப் பெயர் படித்தேன். தோன்றா எழுவாய்.

விதியை யாரும் மீறவில்லை. புகார் எதுவும் வரவில்லை. ஆனா சார், "பாத்தீங்களா, எவ்வளவு ஸ்மூத்தாப் போகுது" என்கிறார்.

மாடியக்கா படியில்: "முன்னாடியெல்லாம், 'ஏ மாடியக்கா, உன் பேத்திக்குக் காய்ச்சல் விட்டுச்சா'ன்னு கேப்பான் உன் பக்கத்து சீட்டு. இப்ப மேசையோட பேசறான். நான் என்ன பேயா பாப்பா?"

அவனிடம் கேட்டேன். மறைக்கவில்லை. "எனக்கு 'நீங்க' சொன்னா நடிக்கற மாதிரி இருக்கு. 'நீ' சொன்னா நீ எழுதிடுவே. எதுக்கு வம்புன்னு பேசறதையே விட்டுட்டேன்."

நீ எழுதிடுவே. என்னை நீ என்கிறான். அதைக் கவனிக்கக்கூட இல்லை, நாங்கள் இருவரும்.

மார்ச் 26, செவ்வாய்

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்து அப்பாவின் குரல்: "ஏய், என் கண்ணாடி எங்க வச்ச?"

"அப்பா உன்னை 'நீங்க'ன்னு கூப்பிட்டா உனக்கு எப்படிம்மா இருக்கும்?"

அம்மாவின் கை நின்றது. "ஒரு தடவை கூப்பிட்டிருக்காரு. 'நீங்க உங்க இஷ்டப்படியே பண்ணுங்க'ன்னு. அன்னைக்கு உன்னைத் தூக்கிட்டு எங்க அம்மா வீட்டுக்குப் போயிடலாம்னு வாசல் வரைக்கும் வந்துட்டேன்."

"அப்ப 'ஏய்' பரவாயில்லையா?"

"பரவாயில்லைன்னு யாரு சொன்னா? அது வேற வலி, இது வேற வலி. இந்த முனையைப் பிடி."

போர்வையின் முனையைப் பிடித்தேன். குழுவில் எழுதவேண்டியது இதுதான் என்று தோன்றியது. எப்படி எழுதுவது?

ஏப்ரல் 2, செவ்வாய்

கணக்குப் பிரிவுத் தலைவி ஆறாம் மாடி நடையில் வழுக்கி விழப் பார்த்தார். விழவில்லை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பயத்தில் கத்தினார். "அறிவிருக்கா உனக்கு? ஈரமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டே? வாயில என்ன வச்சிருக்கே?"

நடை முழுவதும் தலைகள் திரும்பின. மாடியக்கா துடைப்பானைப் பிடித்தபடி நின்றார்.

முன்பானால் சொல்லியிருப்பார். எப்போதும் சொல்வார் — "பாத்து வா, வழுக்கும்!" — பாடுவதுபோல, வருகிறவர் யாராக இருந்தாலும். இப்போதுதான் யாரும் அவரோடு பேசுவதில்லை, அவரும் யாரோடும் பேசுவதில்லை.

நேராக என் இடத்துக்குப் போய்ப் புகார் எழுதினேன். நான் எழுதிய விதியின்கீழ் முதல் புகார். மாடியக்காவிடம் கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம். தோன்றவே இல்லை. ஏன் தோன்றவில்லை?

ஏப்ரல் 4, வியாழன்

விசாரணை. நீள மேசை. ஒரு பக்கம் ஆனா சார், நான், கணக்குப் பிரிவுத் தலைவி. எதிர்ப் பக்கம் மாடியக்கா. நாற்காலி போட்டிருந்தார்கள். முதுகு சாய்கிற நாற்காலி. அவர் அதன் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"இவங்க உங்களை மரியாதைக் குறைவாப் பேசினாங்களா?" ஆனா சார் கேட்டார்.

"இல்லைங்க."

"'நீ'ன்னு சொன்னாங்களா?"

"ஞாபகமில்லைங்க."

கணக்குப் பிரிவுத் தலைவி என்னைப் பார்த்தார். மாடியக்கா பார்க்கவில்லை.

மதியம் படியில் காத்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து வந்தார். உட்காரவில்லை.

"என்னை எதுக்கு இதுல இழுத்துவிட்ட பாப்பா? அந்தம்மா திட்டுச்சு. அதோட முடிஞ்சு போயிருக்கும். இப்ப முடிய மாட்டேங்குது. ஒப்பந்தக்காரன் போன் பண்றான், 'அங்க என்ன பிரச்சினை பண்ற'ன்னு."

"உங்களுக்காகத்தான்க்கா—"

"நான் உன்கிட்ட கேட்டது நாற்காலி."

ஏப்ரல் 8, திங்கள்

ஆனா சார் தீர்வு கண்டுபிடித்துவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து துப்புரவு வேலை முழுக்க விடியற்காலையில். நாங்கள் வருவதற்குள் முடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

"இனிமே யாரு யாரை எப்படிக் கூப்பிடறதுங்கற சங்கடமே கிடையாது. நடையும் காஞ்சிருக்கும், யாரும் வழுக்கி விழ மாட்டாங்க. உக்கார எடம் கேட்டீங்கல்ல? மதியம்னு ஒண்ணு இருந்தாத்தானே எடம் வேணும்!"

இவ்வளவு நீளமாகப் பேசியும் ஓர் 'ஆனா'கூட இல்லை.

அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது சார் என்றேன். அரைநாள் சம்பளம்தான் வரும் சார் என்றேன். அந்த விதியையே எடுத்துவிடலாம் சார், நானே எழுதித் தருகிறேன் என்றேன். "என்ன பேசறீங்க, அது நம்ம குழுவோட முதல் வெற்றியாச்சே! அதுலயும் கேட்டது நீங்கதானே?" என்றார். கேட்டது நான்தான்.

ஏப்ரல் 9, செவ்வாய்

ராஜினாமா பற்றி யோசித்தேன். யாருக்கு லாபம்? எனக்குக் கொஞ்சம் சுத்தமாக இருக்கும். அவ்வளவுதான்.

ஏப்ரல் 15, திங்கள்

மேசை துடைக்கப்பட்டிருக்கிறது. குப்பைக்கூடை காலியாக இருக்கிறது. கோப்பை கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது.

ஏப்ரல் 17, புதன்

மதியம் அந்தப் படிக்குப் போனேன். தூசி. கைக்குட்டையால் தட்டிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். முதுகு வலித்தது. எத்தனை நாள் அவரோடு உட்கார்ந்திருக்கிறேன், ஒருநாளும் வலித்ததில்லையே — பேச்சுச் சுவாரசியம். இல்லை, எழுந்துபோக எனக்கொரு நாற்காலி இருந்தது. அதுதான்.

கீழே இறங்கும்போது பக்கத்து சீட் லிப்டுக்குப் பக்கத்தில் நின்று அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தான். "மாடியக்கா பேத்திக்குக் காய்ச்சல் என்னாச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியலை" என்றான். எனக்கும் தெரியவில்லை. நான் கேட்கவே இல்லை. குழு, விதி, புகார் — இத்தனைக்கும் நடுவில்.

ஏப்ரல் 22, திங்கள்

விடிவதற்குள் எழுந்தேன். அம்மா, "இந்நேரத்துக்கு ஆபீஸா?" என்றாள். பஸ் இல்லை. நடந்தேன். இப்படித்தான் அவரும் தினமும் அந்தக் காலோடு நடந்து வருகிறார்.

வீட்டிலிருந்த மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு போனேன். பாதி வழியில் கை மாற்றினேன். எதற்கு எடுத்து வந்தேன் என்று பாதி வழியிலேயே வெட்கமாகிவிட்டது. திரும்பவும் முடியவில்லை.

காவலாளி கதவைத் திறந்துவிட்டார். ஆறாம் மாடியில் பாதி விளக்குகள்தான் எரிந்தன. நடையின் அந்தக் கோடியில் மாடியக்கா, குனிந்து, பின்னோக்கி நகர்ந்தபடி துடைத்துக்கொண்டு வந்தார். வேறு யாரும் இல்லை. விதி இல்லை, குழு இல்லை, கேட்க ஆள் இல்லை. யார் யாரை எப்படி வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

"அக்கா."

நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். கையிலிருந்த நாற்காலியைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் என்ன சொல்வதென்று எனக்குத் தெரிந்திருக்கும்.

"வாங்க மேடம்" என்றார்.

வாயில் வராது என்றாரே. எவ்வளவு சுலபமாக வந்தது.

பேத்தியைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். நாற்காலியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவர் காத்திருந்தார், சொல்லி முடிக்கட்டும் என்று, மரியாதையாக. பிறகு துடைப்பானை வாளியில் நனைத்தார்.

"கொஞ்சம் தள்ளி நின்னுக்குங்க மேடம். ஈரமா இருக்கு, வழுக்கும்."

தள்ளி நின்றேன்.