மனுவில் அடித்துவிட்ட வரி

இன்று காலை உரிகம் ஸ்டேஷன் தாண்டியதும் ஒரு தாள் கைமாறிக் கைமாறி என் மடிக்கு வந்து சேர்ந்தது. மேலே கன்னடத்தில் ஒரு மனு, கீழே கையெழுத்துகள். யாரோ இட்லி சாப்பிட்ட கையோடு பிடித்திருக்கிறார்கள். ஒரு மூலையில் நல்லெண்ணெய் ஊறி மிளகாய்ப்பொடி வாசனை அடித்தது. அந்த வாசனைதான் உன்னைக் கொண்டுவந்து என் எதிர் சீட்டில் உட்காரவைத்தது. நம் மனுவும் இதே வாசனையோடுதான் கோலாருக்குப் போனது.

"உங்க கையெழுத்து மொதல்ல இருக்கணும் ஆண்ட்டி. போன தபா எழுதினது நீங்கதானே?" என்றாள் தாளைக் கொடுத்தவள். அவளுடைய அக்கா மகன் போன மாதம் போதைக்கு வலி மாத்திரை போட்டுச் செத்துப்போனான். படித்துப் பார்த்தேன். நாம் கே.ஜி.எஃப். மெடிக்கல் கடைகளோடு நிறுத்திக்கொண்டோம். இவர்களுக்குப் பங்காருப்பேட்டைக் கடைகளிலும் அந்த மாத்திரைகள் இருக்கக் கூடாது. பேனாவைத் திறந்தேன், மூடினேன், தாளைத் திருப்பிக் கொடுத்தேன். பெட்டியே என்னைத் திரும்பிப் பார்த்தது. பெங்களூர் கண்டோன்மெண்ட் வரும்வரை ஒருத்தியும் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். உனக்குத்தான் நான் பதில் சொல்ல வேண்டும்.

பதினெட்டு வருஷம் அதே லேடீஸ் பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்து போனோம். நீ கார்மெண்ட்ஸில் சூப்பர்வைசர், நான் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். போகும்போது தூக்கம், வரும்போது பீன்ஸ் நறுக்குவதும் சண்டையும். உன் குரல்தான் பெட்டியில் பெரிய குரல். கம்பெனியில் இருநூறு மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகியவள், ரயிலை மட்டும் விடுவாயா?

முரளி போன பிறகு அந்தக் குரல் மாறியது. அம்மா அப்பா இல்லாத வீட்டில் நீ வளர்த்த தம்பி. பள்ளிக்கூடத்தில் போதை ஒழிப்பு ஓவியப் போட்டியில் மண்டையோடு வரைந்து முதல் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ் வாங்கினான். நீ அதை ரயிலுக்கே கொண்டுவந்து எல்லாரிடமும் காட்டினாய். எட்டு வருஷம் கழித்து, சுரங்கக் கழிவு மண் குவிந்த சைனைடு மேட்டுக்குப் பின்னால் அவன் செத்துக் கிடந்தபோது வயது இருபத்துநான்கு. நடுவில் போலீஸ் இரண்டு முறை பிடித்துக்கொண்டு போனது. முதல் முறை பிடித்த அன்று நீ எனக்கு மைசூர் பாக் கொடுத்தாய். "உள்ள இருந்தா திருந்திடுவான்டி" என்றாய். திரும்பி வந்தவனுக்கு முன்பு தெரியாத நாலு பேருடைய சிநேகம் கிடைத்திருந்தது, அவ்வளவுதான்.

அவன் காரியம் முடிந்து நீ வேலைக்கு வந்த முதல் நாள் நடந்த சண்டை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஜன்னலோரம் உட்காரும் டீச்சர், "பசங்களுக்குச் சின்ன வயசுலயே விழிப்புணர்வு குடுக்கணும்" என்றார். நீ பிடித்தாய் ஒரு பிடி. "குடுத்தீங்களே டீச்சர், டிபன் பாக்ஸு! வருஷத்துக்கு ஒருநாள் வெயில்ல ஊர்வலம் உட்டுட்டு, போட்டோ எட்த்துக்கினு போனீங்களே. அவனுக்கு வேல இல்லாம சொம்மா உக்காந்துக்கினு இருந்தப்ப ஒர்த்தராவது வந்து பேசினீங்களா?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள் ஐ.டி. கம்பெனிக்குப் போகும் அந்தச் சின்னப் பெண். வெளிநாட்டில் இதையெல்லாம் சட்டப்படி கடையில் விற்கிறார்கள், கள்ளச் சந்தை செத்துவிடும், கலப்படம் இருக்காது என்று தன் ஆபீஸில் பேசிக்கொள்வதைச் சொன்னாள். நீ அவளைத் திட்டவில்லை. சிரித்தாய். "சாராயத்த லைசென்ஸ் குடுத்துத்தாம்மா வித்தாங்க. எங்கப்பா கள்ளத்தனமா குடிக்கல, கவர்மெண்டுக்கு வரி கட்டித்தான் குடிச்சாரு. கலப்படமே இல்லாம செத்தாரு." அந்தப் பெண் பாவம், அடுத்த நாள் வேறு பெட்டியில் ஏறினாள்.

"அப்போ இன்னாதான்டி பண்ணணும்?" என்று நான் கேட்டேன். "இருக்கவே கூடாது. எங்கியும் இருக்கக் கூடாது. போலீஸ் வந்து அள்ளிக்கினு போவணும்" என்றாய்.

எனக்கு அப்போதே என் அப்பா நினைவுக்கு வந்தார். சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வந்ததும் அவர்களைத் தேடுவார்கள். சட்டையை அவிழ்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, டிபன் கேரியரைத் தட்டிப் பார்த்து. தங்கத்தை ஒளித்துக் கொண்டுவருகிறார்களாம். முப்பது வருஷம் அப்பா வாயைத் திறந்து காட்டினார். "எட்த்தவன் எவனும் இந்த கேட் வழியா வர்ல. நாங்கதான் வாயத் தொறந்துக்கினு நின்னோம்" என்பார். உன் அப்பாவும் அந்த வரிசையில்தான் நின்றார். இதை நான் அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். தம்பியை எரித்துவிட்டு வந்தவளிடம் தர்க்கம் பேச எனக்கு வாய் வரவில்லை.

மாறாக, மனு எழுதினேன். நம் ஊர்க்காரர்களுக்கு அது ஒரு வியாதி. சுரங்கம் மூடினபோது தொடங்கியது. தண்ணீர் வரவில்லையா, மனு. சுரங்கக் கம்பெனி கட்டிய லைன் வீட்டுக்குப் பட்டா வேண்டுமா, மனு. கையெழுத்துப் போடுவதில் நம்மை அடித்துக்கொள்ள ஆளில்லை, எதில் போடுகிறோம் என்று படிப்பதில்தான் சோம்பல். நான் வக்கீல் ஆபீஸ்காரி அல்லவா, ஒழுங்காக எழுதினேன். டாக்டர் சீட்டு இல்லாமல் பலமான வலி மாத்திரைகளை எந்தக் கடையிலும் கொடுக்கக் கூடாது, சீட்டு உள்ள நோயாளிக்கு மட்டும் கொடுக்கலாம் என்று ஒரு வரி.

நீ படித்துப் பார்த்துவிட்டு அதன்மேல் விரலை வைத்தாய். "இத அடி."

"சட்டமே அப்படித்தான்டி கீது. சீட்டுக்குத்தான் குடுக்கணும்."

"சீட்டு இன்னா சீட்டு? நூறு பேரு எழுதித் தருவான். கடையில வெக்கவே கூடாதுன்னு எழுது. வெச்சாத்தானே விப்பான்?"

அடித்தேன். ஸ்கேல் வைத்து, நேர்கோடாக, அழகாக அடித்தேன். புதுத்தாளில் மறுபடி எழுதினேன். ரயில் மாரிகுப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை போவதற்குள் இரண்டு பெட்டிப் பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். நீயும் நானும் லீவு போட்டுக் கோலார் கலெக்டர் ஆபீஸுக்குப் போய்க் கொடுத்தோம். நம் அதிர்ஷ்டமோ துரதிர்ஷ்டமோ, வாழ்க்கையில் முதல் தடவையாக நம் மனு ஒன்றை ஒரு அதிகாரி படித்துவிட்டார். கடை கடையாகச் சோதனை. தப்பு செய்தது ஒரு கடை, பயந்தது அத்தனை கடையும். இருந்த மாத்திரை அட்டைகளை எல்லாம் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, இனி வாங்குவதே இல்லை என்று கையை உதறிவிட்டார்கள். நாம் ரயிலில் லட்டு கொடுத்தோம். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை கேள்விப்பட்டிருக்கிறேன். கொளுத்திவிட்டு லட்டு கொடுத்தவர்கள் நாம் மட்டும்தான்.

எலி எங்கே போயிற்று என்கிறாய்? எங்கும் போகவில்லை. மேட்டுக்குப் பின்னால்தான் இருந்தது, ஆந்திரா பக்கத்திலிருந்து பையில் வந்தது, இன்னும் விலை ஏறி, இன்னும் மோசமாக. முரளியோடு ஒன்றாகப் படித்தவன், அவனுக்கு முதல் மாத்திரையைக் கொடுத்தவன் என்று ஊரே சொல்லும் அவன், மனுவுக்குப் பிறகு புது பைக் வாங்கினான்.

இரண்டு வருஷம் கழித்து உன் மார்பில் கட்டி. அப்புறம் முதுகெலும்புக்குப் பரவிவிட்டது. பெங்களூர் டாக்டர் மார்ஃபின் மாத்திரை எழுதினார். "வலியோட இருக்கணும்னு அவசியம் இல்லைம்மா. இது நாலு மணி நேரத்துக்கு ஒண்ணு. தைரியமா சாப்பிடுங்க" என்றார். நல்ல மனுஷன். ஆனால் அதை அந்த ஆஸ்பத்திரியில் மட்டுமே தருவார்கள். பதினைந்து நாளைக்கு ஒரு முறை கார்டைக் காட்டி, படிவம் நிரப்பி, காலி அட்டையைத் திருப்பிக் கொடுத்து வாங்க வேண்டும். வேலை முடிந்து நான் வாங்கிவந்தேன். மாத்திரை இருந்த நாட்களில் நீ எழுந்து உட்கார்ந்து வழக்கம்போல் என் ரசத்தைக் குறை சொன்னாய். அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த மாத்திரை என்ன செய்தது என்று.

ஒரு வியாழக்கிழமை போனபோது ஸ்டாக் இல்லை என்றார்கள். ஏதோ அனுமதிக் காகிதம் புதுப்பிக்க வேண்டுமாம், கையெழுத்துக்குப் போயிருக்கிறதாம், திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள். எலும்புக்குள் இருக்கும் வலிக்குத் திங்கட்கிழமை தெரியுமா? வேறு இரண்டு இடங்களில் கேட்டேன். ஒருவர் என்னைத் தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டு, "யாருக்கு?" என்றார். ஐம்பது வயசுப் பொம்பளை, கையில் டாக்டர் சீட்டு, கழுத்தில் சிலுவை. என்னையும் வாயைத் திற என்று சொல்லாததுதான் பாக்கி.

மைசூர் மைன்ஸ் லைன் வீட்டில் நீ ஈரத் துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாய். பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளைகளுக்குக் கேட்கக் கூடாது என்று டி.வி. சத்தத்தைக் கூட்டிவைத்தாள். சுவர் ஒன்றுதானே. வெள்ளிக்கிழமை நம் மார்க்கெட் மெடிக்கல் அண்ணனிடம் போய் நின்றேன். அவர் கடையைத்தான் முதலில் சோதனை போட்டார்கள், நம் புண்ணியத்தில். ஒரு தப்பும் செய்யாத மனுஷன். சீட்டை வாங்கிப் படித்தார்.

"மார்ஃபின் நாங்க எப்பவும் வெச்சதில்லம்மா, அதுக்குத் தனி லைசென்ஸு. அதவிடப் பலம் கம்மியா ஒண்ணு கீது, முன்னாடி வெச்சிருந்தேன். டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுக்கினு குடுத்திருப்பேன், கொஞ்சமாவது தாங்கும். இப்ப வெக்கிறதில்ல. நீங்கதானேம்மா வேணாம்னு எழுதினீங்க." குத்திக் காட்டுகிற குரல் இல்லை. அதுதான் இன்னும் வலித்தது. ஜுர மாத்திரை ஒரு அட்டை கொடுத்தார்.

வந்து சொன்னேன். நீ துண்டை எடுத்துவிட்டுச் சொன்னாய். "நான் அடிக்கச் சொன்ன வரிடி அது."

உன் தப்பு மட்டும் இல்லை அது. இதைச் சொல்லும்போது எனக்கு உடம்பு பற்றி எரிகிறது. தம்பியைப் பறிகொடுத்தவள் 'எல்லாவற்றையும் எடுத்துவிடு' என்று கதறினால், எதை எடுக்கலாம், எதை எடுத்தால் நோயாளி சாவான் என்று பிரித்துப் பார்க்கத்தானே படித்தவனை நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறோம்? பிரித்துப் பார்ப்பது கஷ்டம், அள்ளிக்கொண்டு போவது சுலபம். அள்ளினால் போட்டோ வரும். ஊர்வலம் விட்டாலும் போட்டோ வரும். இளைத்தவள் துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்தால் யார் போட்டோ எடுக்கப்போகிறார்கள்? எல்லாவற்றையும் கடையில் வைத்து விற்கலாம் என்று நான் இப்போதும் சொல்லமாட்டேன். உன் அப்பாவை எனக்கும் தெரியும். ஆனால் சீட்டோடு நிற்பவளுக்கு இல்லை, சீட்டு இல்லாதவனுக்கு மேட்டுக்குப் பின்னால் இருபத்துநாலு மணி நேரமும் உண்டு என்றால், அந்தச் சட்டம் யாரைக் காவல் காக்கிறது? இதைத்தான் இன்று காலை ரயிலில் சொல்ல நினைத்தேன். அக்கா மகனைப் புதைத்தவள் முகத்தைப் பார்த்ததும் மறுபடியும் எனக்கு வாய் வரவில்லை. கையெழுத்து மட்டும் போடவில்லை.

இனி, உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு என்று கிளம்பினேன். மாதா கோயிலுக்குப் போகவில்லை. ஸ்டேஷன் வாசலில் அந்த பைக் நின்றிருந்தது. அவனேதான், முரளிக்குக் கொடுத்தவன். "இன்னா ஆண்ட்டி?" என்றான். சொன்னேன். படிவம் கேட்கவில்லை, கார்டு கேட்கவில்லை, யாருக்கு என்று சந்தேகமாகப் பார்க்கவில்லை. "அக்காவுக்கா?" என்று மட்டும் கேட்டான். காசை வாங்கிக்கொண்டான். நல்லவனாக மாறிவிடவில்லை, வியாபாரம் செய்தான். கத்தரித்த அட்டையில் நாலு மாத்திரை. பெயர் இருந்த பக்கம் கிழிந்திருந்தது. அது என்ன, எவ்வளவு கொடுக்கலாம், உன் உடம்பு தாங்குமா, ஒன்றும் தெரியாது. யாரிடம் கேட்பேன்? திருடனைத் தேள் கொட்டின மாதிரி வாயை மூடிக்கொண்டு வந்தேன். பாதியாக உடைத்தேன். ஒரு துண்டு தரையில் விழுந்தது, பொறுக்கி எடுத்தேன். செத்துவிடுவாயோ என்று பயந்துகொண்டேதான் உன் வாயில் போட்டேன்.

"ஏதுடி?" என்று கேட்டாய்.

"ஆஸ்பத்திரியில நர்ஸம்மா எப்படியோ தேடிக் குடுத்தாங்க."

மதியம் முழுவதும் தூங்கினாய். உன் மூச்சை எண்ணிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாலு மணிக்கு விழித்து, "பசிக்குதுடி" என்றாய். கஞ்சி குடித்தாய். ஊறுகாய் கேட்டாய். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த நர்ஸம்மாவுக்கு நான் நன்றி சொன்னேன்னு சொல்லு. மறந்துடாதடி" என்றாய். சொல்கிறேன் என்றேன். திங்கட்கிழமை ஸ்டாக் வந்தது. அடுத்த மாதம் நீ போய்விட்டாய்.

அவனை வாரத்தில் இரண்டு நாளாவது ஸ்டேஷன் வாசலில் பார்க்கிறேன். அவனைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். முரளிக்காக. ஆனால் அவனைத் தாண்டி நடக்கும்போதெல்லாம் நீ சொல்லச் சொன்ன நன்றி என் வாய்க்குள் இருக்கிறது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.