அண்ணன் போட்ட பூட்டு

ஜூன் 3
அண்ணன் இன்று என் அலமாரிக்குப் பூட்டுப் போட்டுவிட்டான்.

அதற்கு முன்னால், வந்திருந்த தன் ஆபீஸ்காரர்களை மாடிக்கு அழைத்து வந்து கதவைத் திறந்து காட்டினான். கம்பி அறுந்த கிட்டார், ஒரு கை மட்டும் பின்னிய ஸ்வெட்டர், காய்ந்துபோன பெயின்ட் டப்பாக்கள். "இதுதாங்க எங்க தங்கச்சியோட மியூசியம். எதையும் முடிக்க மாட்டா." எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி மட்டும் டம்ளர் எடுக்கிற சாக்கில் கீழே இறங்கிப் போனாள்.

பூட்டிவிட்டு என்னிடம் சொன்னான்: "ஒண்ணையாவது உருப்படியா முடிச்சுக் காட்டு, சாவி தரேன்."

எனக்கு முப்பத்தொன்பது வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்கக் கடுகு சைஸ் திருகாணியோடு மல்லுக்கட்டுகிறவள். அவன் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன் என்கிற தைரியம் அவனுக்கு. இருக்கு உனக்கு.

ஜூன் 4
போன மாதம் டாக்டர், கவனம் ஒன்றில் நிலைக்காத கோளாறு, ஏ.டி.எச்.டி. என்று சொன்னபோது அழுதுவிட்டேன். இத்தனை வருஷமும் என்னை நானே சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்தேனே! அண்ணனிடம் சொன்னதற்கு, "சோம்பேறித்தனத்துக்கு இங்கிலீஷ்ல பேரு வெச்சாச்சா?" என்றான். அதையும் மறக்கவில்லை.

மனசுக்குப் பிடித்த பொழுதுபோக்கு ஒன்றைத் தேடச் சொன்னார் டாக்டர். கண்டுபிடித்துவிட்டேன் — பழிவாங்குவது.

ஜூன் 7
பூட்டை உடைக்க மாட்டேன். உடைத்தால், "பாத்தியா, பொறுமையே கிடையாது" என்பான். சாவியில்லாமல் திறக்க வேண்டும். அதே ஆபீஸ்காரர்கள் முன்னால். அவன் முகம் பேயறைந்த மாதிரி ஆவதை நான் பார்க்க வேண்டும்.

வீடியோவில் ஒருவர் சொல்கிறார்: கார் வைப்பர் ரப்பருக்குள் ஒரு மெல்லிய எஃகுப் பட்டை இருக்குமாம், இந்த வேலைக்கு அதுதான் தோதாம். வாசலில் அண்ணன் கார் நிற்கிறது.

ஜூன் 8
நல்ல மழை. அண்ணன் கார் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, கர்ச்சீப்பால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஆபீஸ் போனான். அற்ப சந்தோஷம்தான். இருக்கட்டுமே.

ஜூன் 15
பூட்டுக்குள் வரிசையாகக் குட்டி ஊசிகள். பட்டையால் லேசாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, கம்பியால் ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். ஏறினால் ஒரு 'டிக்'. காதைவிட விரலுக்குத்தான் அது தெரிகிறது. கொஞ்சம் அழுத்திவிட்டால் போச்சு, எல்லாம் விழுந்துவிடும். கோபம் வந்தால் அழுத்துகிறேன். அண்ணனை நினைத்தால் கோபம் வருகிறது. ஆக, அவனைப் பழிவாங்கும் நேரத்தில் அவனை நினைக்கக் கூடாது! என்ன கொடுமை இது?

ஜூன் 21
நாலைந்து நாளாகத் தொடவில்லை. ஏன்? தெரியவில்லை. இதுவும் மியூசியத்துக்குத்தானா? ச்சீ, நான் ஏன் இப்படி இருக்கேன்.

ஜூன் 22
மாடிப்படியில் அண்ணன்: "என்ன, மேல சத்தத்தையே காணோம், புது ஆட்டம் அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?"

போய் உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் 29
திறந்துகொண்டது! கத்திவிடப் போனவள் வாயைப் பொத்திக்கொண்டேன். திரும்பப் பூட்டி வைத்தாயிற்று. அடுத்த வாரம் ஆபீஸ்காரர்கள் சாப்பிட வருகிறார்கள். "மியூசியத்தைப் பாக்க வாங்க" என்று நானே கூப்பிடப் போகிறேன். வசனம்கூட மனப்பாடம்.

ஜூலை 6
கடையிலிருந்து வந்தால் வாசலில் கூட்டம். விருந்தாளிகளை வரவேற்க அண்ணனும் அண்ணியும் வெளியே வந்த நேரம், காற்றில் கதவு சாத்திப் பூட்டிக்கொண்டது. சாவிக்கொத்து உள்ளே. அண்ணனுக்கு வேர்த்து ஊற்றுகிறது. பட்டையும் கம்பியும் இருக்கும் என் கைப்பையை அண்ணி பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அண்ணன் காதில் ஏதோ சொன்னாள்.

"கொஞ்சம் பாரேன்மா," என்றான் அண்ணன். அம்மாவாம்!

கெஞ்ச விட்டிருக்க வேண்டும். வசனத்தைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பூட்டு நான் பார்க்காத ரகம். மண்டி போட்டு உட்கார்ந்தேன். டிக். டிக். மூன்றாவது ஊசி மட்டும் முரண்டு பிடித்தது. பிறகு மெதுவாக அதுவும். கதவு திறந்தது. ஆபீஸ்காரர்கள் கைதட்டினார்கள்.

அந்த மூன்றாவது ஏன் அப்படி? கதவைத் திரும்பச் சாத்தினேன்.

"அடியேய், என்னடி பண்ற!" என்று அலறினான். அண்ணி சிரித்த சிரிப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது. இரண்டாம் தடவை சீக்கிரம் திறந்துவிட்டது.

ராத்திரி மாடிக்கு வந்து பார்த்தால் அலமாரி சாவி என் கதவில் தொங்குகிறது. வசனம் இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அவன் சொன்னது சரிதான் போல, பழிவாங்குவதைக்கூடப் பாதியில் விட்டுவிட்டேன். வைப்பர் சமாசாரத்தை மட்டும் சொல்லப் போவதில்லை. அண்ணி தன் பழைய டிரங்குப் பெட்டிப் பூட்டைக் கொடுத்திருக்கிறாள், அதைப் பார்க்க வேண்டும்.