வாத்துப் பெட்டி

என் அக்காள் பெற்ற பிடிவாதக்காரிக்கு,

உன் தேநீர் விருந்தில் மாடத்து அலங்காரம் எல்லாம் சரிதான். எழுத்துச் சுருள் தொங்கியது, மூங்கில் குவளையில் ஒற்றைக் காமெலியாப் பூ, மடித்த காகிதத்தின் மேல் தூபம் வைக்கும் பீங்கான் வாத்துப் பெட்டி. சரியில்லாதது உன் வாய்தான்.

முதல் விருந்தாளி குரோய்வா அம்மாள் அந்த வாத்துப் பெட்டியைக் கேட்டு வாங்கிப் பார்த்து, "இது எங்கேருந்தும்மா வந்தது?" என்றார். நீ வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். கியோத்தோவில் ஒரு பிரபு வம்சத்துக்காரர் என்னிடம் சதுரங்கத்தில் தோற்று, அழுதுகொண்டே கொடுத்தது என்றேன். எல்லோரும் வாய் பிளந்தார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அவருக்கு ஒரு கோட்டையே கட்டிக் கொடுத்திருப்பேன்.

நீயோ, "சும்மா இருங்க மாமா! அது எங்கம்மா கடைசி மாசத்துல மாத்திரை போட்டு வெச்சிருந்த பெட்டிங்க" என்றாய்.

சபையில் சொல்கிற பேச்சா அது? போய்ச் சேர்ந்த என் அக்காளை நோயாளியாக்கி அத்தனை பேர் நடுவிலும் படுக்கவைத்துவிட்டாயே! நான் எழுந்து வெளியே போனது உன் தேநீர் அடுப்பின் கரிப்புகையால்தான். இனிமேலாவது நல்ல கரி வாங்கு.

யார் கேட்டாலும் பிரபு கொடுத்தது என்றே சொல். முடியாதென்றால் என்னைக் கூப்பிடாதே.

பெட்டியை மட்டும் கழுவித் தொலைக்காதே. என் கைக்கு வந்தபோது திறந்து முகர்ந்தேன். தூபத்துக்கு அடியில் அந்தக் கசப்பு மருந்து வாசனை இன்னும் இருக்கிறது.

கோபம் ஆறாத
உன் தாய்மாமன்