அப்பா வரைந்த ஓஷுனின் கைகள்

ஓஷோக்போ,
மழை விடாத செவ்வாய்க்கிழமை

என் கண்ணு ஃபோலாக்கேவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் அக்கா மகள் மொரெனிக்கேயும் இருக்கிறோம், முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, அந்தக் குளிர் நாட்டில் உனக்கு ஒரு தும்மலும் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். ஃபோனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ பத்து வார்த்தை பேசிவிடுவாய், இதை நீ குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும், அதற்காகத்தான். சந்தையில் கிழங்கு மாவு விற்கிற பெண்கள் மறுபடியும் என்னையே சங்கத் தலைவி ஆக்கிவிட்டார்கள், எனக்கு வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், நீங்க இல்லாட்டி வாடகைய ஏத்துற அந்த லாரிக்காரன் எங்கள முழுங்கிருவாம்மா என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டார்கள். பின்பக்கக் கூரை ஒழுகுகிறது. மொரெனிக்கேவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, சிரித்தால் அப்படியே உன் அக்காதான், பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ வேலை பார்க்கிற இடத்துக் கண்காட்சியில் அப்பா வரைந்த நம் ஆற்றம்மா ஓஷுனின் படத்தை மாட்டப் போவதாகவும், எடுத்துப் போக வியாழக்கிழமை ஆள் வரும் என்றும், படத்தின் பக்கத்தில் ஒட்டுவதற்கு நீ எழுதியது இது என்றும் ஃபோனில் அனுப்பியிருந்தாயே, அந்தப் பொடி எழுத்து எங்கள் கண்ணுக்குப் பிடிபடாமல் மொரெனிக்கேதான் எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினாள். ஆற்றுக்கு மேலே எழுந்து நிற்கும் இந்த இரு கைகளும் பெண்ணின் வெற்றி, இவள் யாரையும் எதிர்பார்ப்பதில்லை, தன் ஆற்றலைத் தானே கொண்டாடுகிறாள் என்று எழுதியிருக்கிறாய். நன்றாகத்தான் இருக்கிறது, படிக்க வைத்தது வீண் போகவில்லை. ஆண் தெய்வங்கள் எல்லாரும் ஓஷுனை ஒதுக்கி வைத்துவிட்டு உலகத்தை நடத்தப் போய், ஒன்றும் துலங்காமல் கடைசியில் அவள் வாசலில் வந்து கெஞ்சிய கதையையும் சேர்த்திருக்கிறாய், உனக்குத் தலை பின்னும்போது நான் சொன்ன கதைதானே அது. பெண்ணுக்குச் சக்தி இல்லை என்று நான் சொல்வேனா, அந்த லாரிக்காரனைக் கேட்டுப் பார். ஆனால் கைகளைப் பற்றி இவ்வளவு எழுதினாயே மகளே, இடது கைச் சுண்டுவிரலைப் பார்த்தாயா? வளைந்திருக்கும். சின்ன வயதில் நீ கதவை அறைந்து சாத்தியதில் நசுங்கிய விரல் அது. அது உன் அக்கா அபேனியின் கை.

அக்கா ஆற்றில் வழுக்கி விழுந்தாள் என்றுதான் உனக்குச் சொன்னோம், தூரத்தில் தனியாக இருக்கிற பிள்ளைக்கு அதற்கு மேல் எதற்கு என்று விட்டுவிட்டோம். அன்றைக்கு நடந்தது வேறு. ஓஷுன் திருவிழாவுக்கு முந்தைய வாரம், ஒரு பெயர் சூட்டு விருந்துக்குப் போய்விட்டு மஞ்சள் துணியும் பித்தளை வளையலுமாக, மொரெனிக்கேயை முதுகில் கட்டிக்கொண்டு, எல்லாரும் இறங்கிக் கடக்கிற துறையில்தான் கடந்தாள். மேலே எங்கேயோ பெய்த மழையின் வெள்ளம் திடீரென்று வந்து மார்பு வரை ஏறிவிட்டது. பிள்ளையை அவிழ்த்து இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறாள். கரையில் ஆள் இல்லாமலா போயிற்று? திருவிழாவுக்கு முன்னமே வந்து சேர்ந்த கூட்டம் நின்றது. அவர்கள் ஆற்றம்மாவுக்கு உகந்த மஞ்சள் துணியைப் பார்த்தார்கள், வளையலைப் பார்த்தார்கள், தூக்கிய பிள்ளையைப் பார்த்தார்கள், வரம் கேட்டுப் பெற்ற பிள்ளையை ஆற்றம்மாவிடம் காட்டி நன்றி சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள். கை தட்டினார்கள், ஓரே யேயே ஓ என்று ஆற்றம்மாவை வாழ்த்திக் குரல் எழுப்பினார்கள். அந்தச் சத்தத்தில் இவள் கத்தியது யார் காதில் விழும்? அக்காரா வடை சுட்டுக்கொண்டிருந்த சிக்கிராதான், சாமி கும்புடுறவ மூஞ்சியாடா அது, உங்களுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு என்று கரண்டியை வீசிவிட்டுத் தண்ணீரில் குதித்தாள். பிள்ளை அவள் கைக்கு வந்துவிட்டது. வாங்கிக்கொண்ட பிறகும் அந்த ரெண்டு கையும் கொஞ்ச நேரம் மேலேயே நின்னுச்சும்மா என்று சிக்கிரா என் மடியில் விழுந்து அழுதாள். அப்பா வரைந்திருப்பது அந்தக் கைகளைத்தான், அதனால்தான் படத்தில் பிள்ளை இல்லை.

இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும். தெரியாத ஒன்றும் இருந்தது. மொரெனிக்கே படித்து முடித்ததும் அப்பா அவளைக் கடைக்குப் போய் மிளகாய் வாங்கி வரச் சொன்னார், வீட்டில் கூடை நிறைய மிளகாய் இருக்கிறது. அவள் தலை மறைந்ததும், நானும் அங்கதான் நின்னேன் என்றார். படச்சட்டத்துக்குப் பலகை பார்க்க எதிர்க்கரைக்குப் போயிருக்கிறார், மூக்குக்கண்ணாடி பைக்குள் இருந்திருக்கிறது. தூரத்துல மஞ்சளா தெரிஞ்சுச்சு, பார்க்க அழகா இருந்துச்சு, நானும் கை தட்டினேன் அபேனி அம்மா, நானும் ஓரே யேயேன்னு கத்தினேன் என்றார். இத்தனை வருஷமாக, விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்ததாகத்தான் என்னிடம் சொல்லியிருந்தார். எனக்கு வாய் வரைக்கும் ஏச்சு வந்தது, உனக்குத்தான் என் வாயைத் தெரியுமே. அவர் தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அதைப் பார்த்ததும் எல்லாவற்றையும் முழுங்கிவிட்டேன். பக்கத்தில் போய் உட்கார்ந்து அழுதேன், அடுப்பில் இருந்தது தீய்ந்துபோனதுகூடத் தெரியவில்லை. பெற்றவர்களுக்குப் பிள்ளையின் குழியைக் காட்டுவதில்லை நம்மில், அவளை எங்கே வைத்தார்கள் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. தினமும் அந்தப் படத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காருவார், ஜன்னல் காற்றுக்காக என்று நினைத்திருந்தேன், பாவி நான்.

படத்தை அனுப்பலாமா என்று கேட்டேன். அனுப்பு, நாலு பேரு பார்க்கட்டும் என்றார். உன்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை, கரையில் நின்றவர்களும் நல்ல மனசோடுதான் வாழ்த்தினார்கள், அவர்கள் கண்ணுக்கு ஆற்றம்மாதான் தெரிந்தாள், முழுகுகிற பெண் தெரியவில்லை, அவ்வளவுதான். நீயும் உன் அக்காவைக் கரையில் நின்று வாழ்த்திவிடாதே. யாரையும் எதிர்பார்ப்பதில்லை என்ற அந்த ஒரு வரியை எடுத்துவிடு. அவள் எதிர்பார்த்தாள்டி, கடைசி வரைக்கும் எதிர்பார்த்தாள். சக்தி என்பதை வைத்துக்கொள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்த வெள்ளத்தில் பிள்ளையை நனையாமல் பிடித்திருந்ததற்கு வேறு என்ன பெயர். கூடவே அவள் கூப்பிட்டாள் என்பதையும் எழுது.

கழுத்துக்குத் துணி சுற்றாமல் வெளியே போகாதே, வேலை வேலை என்று சாப்பிடாமல் கிடக்காதே. மொரெனிக்கேயிடம் இதையெல்லாம் சொல்லிவிடாதே, வேளை வரும்போது நானே சொல்வேன். நீ போகிற இடமெல்லாம் உன்னைக் கைவிடாத மனிதர்கள் இருக்கட்டும், உன் மடி நிறையட்டும், என் ஆயுசிலும் கொஞ்சம் உனக்குச் சேரட்டும். ஒன்றை மறந்துவிடாதே. படத்தை உயரத்தில் மாட்ட வேண்டாம் என்று அப்பா சொல்லச் சொன்னார். முன்னால் நிற்கிறவர்கள் கையை நீட்டினால் அவள் கை எட்ட வேண்டுமாம்.

உனக்கும் அவளுக்கும் அம்மா,
ஊர் இன்னும் கூப்பிடுகிறபடி,
அபேனி அம்மா